உப்புத் தண்ணீரில் இறங்கும் படகு டிரெய்லருக்கு எந்த பிரேக்?

காரின் பிரேக் ஓடி ஓடித் தேயும்; படகு டிரெய்லரின் பிரேக் நின்று நின்று கெடும். மாதத்துக்கு இரண்டு முறை கடலில் முங்கி எழுந்துவிட்டு, மீதி நாளெல்லாம் ஈரத்தோடும் உப்போடும் வீட்டு வாசலில் நிற்கிற வண்டி அது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், டிஸ்க் என்ற சுழலும் தட்டை அழுத்தும் பேட் பாதிகூடத் தேய்ந்திருக்காது. ஆனால் பேடைத் தள்ளும் பிஸ்டன் இறுகியிருக்கும், பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் ஒட்டியிருக்கும், ஒரு பக்க பேட் மட்டும் டிஸ்கைக் கவ்விக்கொண்டு நிற்கும். அதனால் எது நன்றாக நிறுத்தும் என்ற கேள்வியோடு மட்டும் கடைக்குப் போகக் கூடாது. எதைக் கழுவ முடியும், எதைப் பிரிக்காமலே கண்ணால் பார்க்க முடியும், வீட்டில் இருக்கும் ஜாக்கியையும் நாலு ஸ்பானரையும் வைத்து எதைப் பழுதுபார்க்க முடியும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். இங்கே ஆஸ்திரேலியாவில் புழங்கும் நான்கு ஏற்பாடுகளையும் அந்தக் கணக்கில்தான் எடை போட்டிருக்கிறோம்.

முதலில் எடை

சில தெரிவுகளைச் சட்டமே அடைத்துவிடும். ஆஸ்திரேலிய விதி பார்ப்பது ஜி.டி.எம். என்ற எடையை. டிரெய்லரைக் காரில் மாட்டியபின் டிரெய்லரின் சக்கரங்கள்மேல் மட்டும் இறங்கும் பாரம் அது. காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் குண்டான டோ பால்மேல் இறங்கும் பாரத்தையும் சேர்த்தால் ஏ.டி.எம். ஆகிவிடும். ஏ.டி.எம். 2,100 கிலோ உள்ள ஒரு டிரெய்லர் டோ பால்மேல் 150 கிலோவை வைத்தால், அதன் ஜி.டி.எம். 1,950 கிலோதான். இந்த ஒரு கழித்தல் கணக்கைப் போடாமல் தேவையில்லாத செலவு செய்பவர்களும் உண்டு. போட வேண்டிய பிரேக்கைப் போடாமல் விடுபவர்களும் உண்டு.

ஒற்றை ஆக்சில் டிரெய்லர் 750 கிலோவுக்குள் இருந்தால் பிரேக் கட்டாயமில்லை. 750-க்கு மேல் 2,000 கிலோ வரை, குறைந்தது ஒரு ஆக்சிலின் சக்கரங்களிலாவது பிரேக் வேண்டும். காரை டிரெய்லர் முட்டித் தள்ளும் விசையிலேயே வேலை செய்யும் ஓவர்ரைடு பிரேக் இந்த எல்லை வரைக்கும்தான் செல்லும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும், அதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்க முடிய வேண்டும். டிரெய்லர் கழன்று ஓடினால் பிரேக் தானாகப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் விடாமல் நிற்கவும் வேண்டும்.

விளம்பரத் தாளில் போட்டிருக்கும் படகு எடையை நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது வெறும் உடம்பின் எடை. 115 குதிரைத்திறன் ஃபோர்ஸ்ட்ரோக் இன்ஜின் 160 கிலோவுக்குக் குறையாது. 120 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 90 கிலோ. இரண்டு பேட்டரி, நங்கூரம், சங்கிலி, ஐஸ் பெட்டி, குடிதண்ணீர் என்று ஏற்றிக்கொண்டே போனால் 1,700 கிலோ என்று நினைத்திருந்தது எடை மேடையில் 2,050 காட்டும். டேங்கை நிரப்பி, சாமான் எல்லாம் ஏற்றி, ஒரே ஒரு தடவை எடை மேடையில் நிறுத்துங்கள். அந்த எண் கையில் இல்லாமல் பிரேக் வாங்கப் போவது வீண்.

கேபிள் இழுக்கும் ஓவர்ரைடு டிஸ்க்

2,000 கிலோவுக்குள் இருக்கும் டிரெய்லர்களில் அதிகம் காண்பது இதுதான். கார் பிரேக் போட்டதும் டிரெய்லர் முன்னால் தள்ளும். டோ பாலில் மாட்டும் கப்ளிங்கில் இருக்கும் தண்டு உள்ளே போகும். அது ஒரு நெம்பை அசைத்துக் கேபிளை இழுக்கும். கேபிள் கேலிப்பரின் கையைத் திருப்பிப் பேடை டிஸ்கோடு அழுத்தும். ஆயில் கிடையாது, அதில் சிக்கிய காற்றை வெளியேற்றும் "ஏர் எடுக்கும்" வேலை கிடையாது. எல்லாமே வெளியே தெரியும். விலையும் குறைவு, ஹேண்ட் பிரேக்கும் கூடவே வரும்.

குறை எங்கே என்றால், கப்ளிங்கிலிருந்து பேட் வரை வழியில் இருக்கும் ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் விசை தொலைகிறது. துரு ஏற ஏற அது இன்னும் கூடும். கேபிள் உறைக்குள் உப்பு படிந்தால் இழுக்கும்போது போகும், திரும்பி வராது. பேட் தேயத் தேயத் தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதியும் இதில் இல்லை. ஆகவே கைவேலை தொடர்ந்து இருக்கும்.

அந்தக் கைவேலையில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றதும் நேராகப் போய் டர்ன்பக்கிளைத் திருகிக் கேபிளை இறுக்குவார்கள். அப்போது கேலிப்பரின் கை ஓய்வு நிலையிலிருந்து ஏற்கெனவே பாதி தூரம் நகர்ந்து நிற்கும். மிச்சமிருக்கும் பாதி தூரத்தில் முழு அழுத்தம் வராது. நாலு வாரம் கழித்து மறுபடியும் இறுக்குவார்கள். சரியான வரிசை இதற்கு நேர்மாறானது. டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை விட்டு, கப்ளிங் தண்டை முழுக்க முன்னால் இழுத்து, கேபிளை நன்றாகத் தளர்த்துங்கள். ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கேலிப்பரில் இருக்கும் சரிசெய்யும் திருகைப் பேட் டிஸ்கைப் பிடிக்கும்வரை இறுக்குங்கள். பிறகு சக்கரம் கையால் சுழலும்போது லேசாக உரசும் சத்தம் மட்டும் கேட்கும் அளவுக்குத் தளர்த்தி, லாக் நட்டைப் போடுங்கள். மறுபக்கமும் அப்படியே. கடைசியாகத்தான் கேபிள்: தொங்கல் போகும் அளவுக்கு மட்டும், இரண்டு கேலிப்பரின் கையும் இம்மிகூட நகராமல் இறுக்க வேண்டும்.

சரியாக வந்ததா என்று பார்க்க ஹேண்ட் பிரேக்கை ஒவ்வொரு பல்லாக இழுத்து, ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு சக்கரத்தையும் கையால் சுழற்றிப் பாருங்கள். மூன்றாம் பல்லில் இடது சக்கரம் நின்று, ஐந்தாம் பல்லில்தான் வலது நிற்கிறது என்றால், மழைநாளில் அவசரமாக பிரேக் போடும்போது டிரெய்லர் இடப்பக்கம் இழுக்கும்.

இன்னொரு விஷயம், பின்னால் எடுக்கும்போது போடும் தாழ்ப்பாள். ஓவர்ரைடு கப்ளிங்கில் தண்டு உள்ளே போகாமல் தடுக்க ஒரு சிறிய மடிப்புத் தகடு இருக்கும். அதைப் போடாமல் மேட்டில் பின்னால் தள்ளினால் டிரெய்லர் பிரேக் போட்டுக்கொண்டு அசையாது. போட்டுவிட்டு எடுக்க மறந்தால் சாலையில் டிரெய்லருக்கு பிரேக்கே இல்லை, ஆனால் ஓட்டுபவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. இரண்டாவது மறதிதான் ஆபத்தானது. தாழ்ப்பாளுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து, கயிறும் சங்கிலியும் சரிபார்க்கும் வரிசையில் அதையும் சேர்த்துவிடுங்கள்.

ஹைட்ராலிக் ஓவர்ரைடு டிஸ்க்

தள்ளும் விசை அதேதான். கேபிளுக்குப் பதிலாக அது மாஸ்டர் சிலிண்டரை அழுத்துகிறது. ஆயிலின் அழுத்தம் எல்லா கேலிப்பருக்கும் சமமாகப் போகும் என்பதால் இடது வலது இழுப்பு குறையும். பேட் தேய்ந்தாலும் பிஸ்டன் அந்த அளவுக்கு வெளியே வந்து தானாக ஈடுகட்டும். 1,400 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்குக் கேபிளைவிட இது தெளிவாக நன்றாக நிறுத்தும் என்பது எங்கள் தீர்ப்பு.

பராமரிப்பு குறையும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். வேலையின் தன்மை மாறும், அவ்வளவே. ஸ்பானர் வேலை குறைந்து ஆயில் வேலை கூடும்.

வழக்கமாக ஊற்றும் டாட் 3, டாட் 4 இரண்டுமே ஈரத்தை உறிஞ்சும் ஆயில்கள். டாட் 3-இன் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். தண்ணீர் சேர்ந்தபின் 140 டிகிரி. டாட் 4-க்கு அது 230, 155. கொதிநிலை இறங்குவது மலைச்சாலையில் ஆபத்து என்றால், அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குள் தங்கிப் பிஸ்டனை உள்ளிருந்தே அரிப்பது எல்லா டிரெய்லருக்கும் ஆபத்து. கிலோமீட்டரை எண்ண வேண்டாம், வருடத்துக்கு ஒரு முறை முழுக்க மாற்றிவிடுங்கள். ஒற்றை ஆக்சிலுக்கு அரை லிட்டர் புட்டி போதும். இரட்டை ஆக்சிலுக்கு ஒரு லிட்டர் வாங்கி வையுங்கள். போன வருடம் திறந்து பாதி மிச்சமிருக்கும் புட்டியைத் தொடாதீர்கள், அலமாரியிலேயே அது ஈரம் குடித்திருக்கும். டாட் 5 சிலிக்கான் ரகம். மற்ற இரண்டோடு அது கலக்காது, கலக்கவும் கூடாது.

ஏர் எடுப்பதில் ஒரு அடிப்படை: காற்றை வெளியேற்றத் திறக்கும் நிப்பிள் கேலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். இடது கேலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி மாட்டினால் போல்ட் எல்லாம் சரியாகவே உட்காரும், ஆனால் நிப்பிள் அடியில் போய்விடும். காற்று மேலே தங்கும், ஆயில் மட்டும் கீழே வரும். இரண்டு புட்டி தீர்ந்தாலும் பிரேக் கெட்டிப்படாது. புது கேலிப்பர் மாட்டியபின் எவ்வளவு பம்ப் செய்தும் பிடிக்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். மற்றபடி கப்ளிங்கிலிருந்து தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி அருகில் வர வேண்டும். நிப்பிளில் மாட்டிய, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாயின் மறுமுனை ஆயிலுக்குள் முங்கியிருக்க வேண்டும். அழுத்தத்தை விடுவதற்கு முன் நிப்பிளை மூட வேண்டும். மேலே தொட்டியில் ஆயில் பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது. சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், அது பெயின்ட்டை உரித்துவிடும்.

இதில் பிரேக் பெடல் கிடையாது என்பதால் கோளாறைக் காலால் உணர முடியாது. காரை நிறுத்தும்போது பின்னால் "டக்" என்று ஒரு முட்டல் வந்தால், தண்டு கடைசிவரை உள்ளே போய் இடித்திருக்கிறது என்று பொருள். அதற்குமேல் எவ்வளவு தள்ளினாலும் ஆயிலில் அழுத்தம் ஏறாது. ஏர் புகுந்திருக்கும், இல்லையென்றால் எங்கோ கசிவு.

சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றால் ஒரு நிமிடத்தில் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். சக்கரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்த கேலிப்பரின் நிப்பிளைத் திறங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் விட்டுவிட்டால் கேலிப்பர் நல்ல நிலையில் இருக்கிறது. அழுத்தம்தான் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. கப்ளிங் தண்டு துருப்பிடித்து முழுக்க வெளியே திரும்பாததால் மாஸ்டர் சிலிண்டரின் திரும்பு துளை மூடியே இருந்திருக்கும், அல்லது பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி ஆயிலைப் போக மட்டும் விட்டு வர விடாமல் செய்திருக்கும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகிவிட்டது. இதைப் பார்க்காமல் கேலிப்பரை மாற்றினால் காசும் போகும், கோளாறும் நிற்கும்.

ஓவர்ரைடுக்கும் எலக்ட்ரிக் ஓவர் ஹைட்ராலிக்குக்கும் நடுவே

2,000 கிலோவைத் தாண்டிய படகுக்கு நடைமுறையில் எலக்ட்ரிக் ஓவர் ஹைட்ராலிக்தான் வழி. காரில் உள்ள பிரேக் கன்ட்ரோலர் சிக்னல் அனுப்பும்; டிரெய்லரின் முன்பகுதியில் இருக்கும் மின்பம்ப் ஆயிலை அழுத்தும்; நாலு சக்கர டிஸ்கும் பிடிக்கும். கழன்று ஓடினால் பிடிப்பதற்குத் தனி பேட்டரியும், கம்பி இழுத்து ஊசி கழன்றதும் பிரேக்கைப் போடும் ஊசிச் சுவிட்சும் உண்டு. இதைச் செய்யும் பிரேக்ரைட், ஹைட்ராஸ்டார் போன்ற பம்புகள் ஆஸ்திரேலியப் படகு டிரெய்லர்களில் பரவலாக இருக்கின்றன.

1,600 கிலோ, 1,900 கிலோ வைத்திருப்பவருக்கும் இதை யோசிக்க ஒரு காரணம் உண்டு: இறக்கம். ஓவர்ரைடு பிரேக்குக்கு, கார் பிரேக் போடுகிறதா கியரைக் குறைத்து இன்ஜினால் வேகத்தை அடக்குகிறதா என்பது தெரியாது. டிரெய்லர் முட்டித் தள்ளினால் பிடித்துவிடும். மெல்பர்னின் கிழக்கிலிருந்து எயில்டன் ஏரிக்கு பிளாக் ஸ்பர் வழியாகப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வளைந்து வளைந்து இறங்கும் சாலையில் ஓட்டுநர் முறையாகக் கீழ் கியரில் வருவார், டிரெய்லரோ கடைசிவரை உரசிக்கொண்டே வரும். எலக்ட்ரிக் ஓவர் ஹைட்ராலிக் பெடலை மிதித்தால்தான் பிடிக்கும். டிரெய்லர் வாலாட்டத் தொடங்கினால் கன்ட்ரோலரைக் கையால் அழுத்தி டிரெய்லருக்கு மட்டும் பிரேக் கொடுத்து நேராக்கவும் முடியும். ஓவர்ரைடில் அது முடியவே முடியாது. பின்னால் எடுக்கும்போது தாழ்ப்பாள் போடும் வேலையும் இல்லை.

நான்கிலும் விலை அதிகம் இதற்குத்தான். அதைவிட முக்கியம், ஹைட்ராலிக் ஓவர்ரைடின் ஆயில் வேலை முழுவதும் இதிலும் உண்டு, அதற்கு மேல் மின்வேலையும் சேரும். பம்ப் தண்ணீரில் முங்கக் கூடாது. படகை நீரில் இறக்கும் சரிவுப் பாதையான ரேம்ப் செங்குத்தாக இருந்து டிரெய்லரை ஆழமாக இறக்க வேண்டிய இடத்தில் பம்ப் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை வாங்கும்போதே அளந்து பாருங்கள். ஏழு முனை பிளக்கில் ஐந்தாம் முனை, அதாவது நீல வயர்தான் பிரேக் சிக்னல். பிளக்கில் பச்சைக் களிம்பு பூத்தால் முதலில் மண்டை காய வைப்பது இந்த முனைதான். கார் பேட்டரியிலிருந்து பம்புக்கு வரும் வயர் மெல்லியதாக இருந்தால் பம்ப் ஓடும், ஆனால் அழுத்தம் மெதுவாக ஏறும். மாதத்துக்கு ஒரு முறை ஊசியை இழுத்து, பம்ப் ஓடிச் சக்கரங்கள் இறுகுகின்றனவா என்று பார்த்து, உடனே திரும்பச் செருகிவிடுங்கள். அந்த ஊசியின் கம்பியைக் காரின் உடலில் மாட்ட வேண்டும், டோ பாலில் மாட்டக் கூடாது. பாலே கழன்றால் கம்பியும் அதோடு போய்விடும்.

பம்ப் வாங்கும்போது அதன் அழுத்த அளவைப் படியுங்கள். டிஸ்குக்கு 1,600 பி.எஸ்.ஐ. வகை, டிரம்முக்கு 1,000 பி.எஸ்.ஐ. வகை. மலிவாகக் கிடைத்தது என்று டிரம் பம்பை டிஸ்குக்கு மாட்டினால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்வதுபோல் இருக்கும், வண்டி மட்டும் நிற்காது.

டிரம் ஏன் வேண்டாம்

எலக்ட்ரிக் டிரம் பிரேக் கேரவனுக்கு நல்லது, விலையும் குறைவு. கடலில் இறங்கும் டிரெய்லருக்கு வேண்டாம். டிரம் என்பது உப்புத் தண்ணீரை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும் மூடிய டப்பா. டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவுக்கும் அதன்மேல் ஒட்டிய உராய்வுப் பொருளான லைனிங்குக்கும் நடுவே துரு ஊறி லைனிங்கைப் பெயர்த்து எடுத்துவிடும். பெயர்ந்த துண்டு உள்ளே சிக்கிச் சக்கரமே நின்றுவிடலாம். பிரேக்கை இயக்கும், ஒவ்வொன்றும் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும் மின்காந்தங்களின் வயர் மூட்டுகளும் அதே தண்ணீரில்தான் ஊறுகின்றன. ஏரி, ஆறு என்று நன்னீரில் மட்டுமே இறங்குபவருக்கு வேண்டுமானால் இது பொருந்தும்.

அமெரிக்காவிலிருந்து படகோடு டிரெய்லரையும் இறக்குமதி செய்தவர்களிடம் ஹைட்ராலிக் டிரம் இருக்கக்கூடும். அதை வைத்துக்கொள்வதென்றால் நட்சத்திரச் சக்கரத்தைத் திருகிச் சரிசெய்யும் வேலையை விடாமல் செய்ய வேண்டும்: ஆக்சில் செய்யும் டெக்ஸ்டர் நிறுவனத்தின் கையேடு முதல் 200 மைலிலும் பிறகு 3,000 மைலுக்கு ஒரு முறையும் என்கிறது. டிஸ்குக்கு மாற்றுவதென்றால் மாஸ்டர் சிலிண்டரை மறக்காதீர்கள். டிரம்முக்கான சிலிண்டரில் வரியில் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் நிறுத்திவைக்கும் ஒரு வால்வு இருக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்கில் பேட் விடாமல் உரசிக்கொண்டே இருப்பதற்கு அதுவே காரணமாகும்.

கால்வனைஸா, ஸ்டெயின்லெஸ்ஸா

ஜிங்க் பூசிய டிஸ்க் கடையில் பார்க்க அழகாக இருக்கும். பேட் உரசும் முகத்தில் அந்தப் பூச்சு முதல் சில பயணங்களிலேயே போய்விடும். சக்கரத்தின் நடுவில் பேரிங்கைத் தாங்கும் ஹப்பை ஒட்டிய பகுதிக்கும் ஓரத்துக்கும் மட்டுமே அது பாதுகாப்பு. ஸ்டெயின்லெஸ் டிஸ்க் பல வருடம் தாங்கும், ஆனால் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். நீண்ட இறக்கங்களில் இழுப்பவருக்கு சாதா இரும்பு டிஸ்கே மேல்.

எங்கள் பரிந்துரை, காசை டிஸ்கில் கொட்டாமல் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் போடுவது. ஸ்டெயின்லெஸ் பிஸ்டனும் ஸ்லைடு பின்னும் உள்ள கேலிப்பர், பின்தகடு ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கும் பேட், ஸ்டீல் குழாய்க்குப் பதிலாகச் செம்பு-நிக்கல் கலவைக் குழாய். பின்தகடு இரும்பாக இருந்தால் துரு அதன்மேல் இருக்கும் உராய்வுப் பொருளைத் தள்ளிப் பிரித்துவிடும், 8 மி.மீ. மிச்சமிருக்கும் பேட் ஒரே நாளில் வெறும் தகடாகிவிடும். டிஸ்க் தேய்ந்தால் மாற்றுவது அரைநாள் வேலை. டிரெய்லரின் சட்டத்துக்குள் போகும் குழாய் அரித்து வெடித்தால் பிரேக் முழுவதும் ஒரே நேரத்தில் போகும்.

ஸ்லைடு பின்னுக்குச் சிலிக்கான் அடிப்படையிலான பிரேக் கிரீஸ் மட்டும். பேரிங் கிரீஸைத் தடவினால் ரப்பர் உறை வீங்கிப் பின்னை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். லனோலின் ஸ்பிரேயைச் சட்டத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் தாராளமாக அடியுங்கள். டிஸ்கும் பேடும் இருக்கும் திசையில் காற்று வீசும்போது மட்டும் அடிக்காதீர்கள்.

உரசும் பிரேக் பேரிங்கைக் கொல்லும் விதம்

எந்த வகை வாங்கினாலும் இந்தச் சங்கிலி ஒன்றுதான். ஒரு பக்க பேட் லேசாக உரசுகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்த ஹப் சூடேறுகிறது, உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. ரேம்புக்கு வந்ததும் நேராகத் தண்ணீரில் இறக்குகிறார்கள். ஹப் சட்டென்று குளிர்கிறது, உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது, பின்பக்க சீல் வழியாகக் கடல்நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அடுத்த மாதம் பேரிங் போகும். எல்லோரும் பேரிங்கைக் குறை சொல்வார்கள். புதுப் பேரிங்கும் அடுத்த சீசனில் போகும்.

இதைப் பிடிக்க எளிய வழி, சூட்டைத் தொடாமல் அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். ரேம்புக்கு வந்ததும் எல்லா ஹப்பையும் ஒரே இடத்தில் குறிவைத்து அளந்து எழுதிவையுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 20, 30 டிகிரி கூடுதலாக இருந்தால் அது உரசுகிறது. ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அந்த பிரேக் வேலையே செய்யவில்லை, மற்றவை அதன் பங்கையும் சுமக்கின்றன. படகில் சாமான் ஏற்றும் வேலையை டிரெய்லர் நிற்கும்போதே வைத்துக்கொண்டால் ஹப் ஆறவும் நேரம் கிடைக்கும்.

பேரிங்கைத் திறந்து கிரீஸ் மாற்றும் அன்றே பிரேக்கையும் பாருங்கள், சக்கரம் எப்படியும் கழன்றுதானே இருக்கிறது. ஹோல்டன் வகை ஹப்புக்கு உள்ளே எல்.எம். 67048, வெளியே எல்.எம். 11949, ஃபோர்டு வகைக்கு எல். 68149, எல்.எம். 12749. எந்த வகை என்று பார்த்து ஒரு செட்டும் ஒரு மரைன் சீலும் வண்டியிலேயே வைத்திருங்கள். மூடியில் கிரீஸ் அடைக்கும்போது அளவு மீறினால் பின் சீல் பிதுங்கி, கிரீஸ் டிஸ்கில் தெறிக்கும். கிரீஸ் குடித்த பேடைத் துடைத்துப் பயன்படுத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். பேட் 3 மி.மீ.க்கு வந்தாலும் அதேதான், எப்போதும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து.

யாருக்கு எது

வீட்டிலிருந்து 15 கிலோமீட்டரில் ரேம்ப், சமவெளிச் சாலை, 1,200 கிலோ வரை அலுமினியப் படகு: கேபிள் டிஸ்க் போதும். வருடத்துக்கு நாலு முறை சரிசெய்ய மனம் இருக்க வேண்டும். கேபிளையும் கேலிப்பரையும் மூன்று நாலு வருடத்தில் மொத்தமாக மாற்றுவதைச் செலவுக் கணக்கில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

1,400-இலிருந்து 1,900 வரை, கடல், நடுத்தரத் தொலைவு: ஹைட்ராலிக் ஓவர்ரைடு. இரட்டை ஆக்சில் என்றால் சட்டம் ஒரு ஆக்சிலோடு விட்டாலும் நாலு சக்கரத்திலும் போடுங்கள்.

அதே எடை, ஆனால் மலைச்சாலை, அல்லது 1,900-ஐ ஒட்டி நின்று ஐஸ் பெட்டி நிரம்பினால் 2,000-ஐத் தொடும் டிரெய்லர்: இப்போதே எலக்ட்ரிக் ஓவர் ஹைட்ராலிக். ஓவர்ரைடு வாங்கிவிட்டு இரண்டு வருடத்தில் பெரிய இன்ஜின் மாட்டினால் கப்ளிங், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் வீணாகும். கேலிப்பரும் டிஸ்கும் குழாயும் பெரும்பாலும் அப்படியே பயன்படும் என்பதால், இன்று கையில் காசு குறைவாக இருப்பவர் ஹைட்ராலிக் ஓவர்ரைடில் தொடங்கிப் பிறகு பம்புக்கு மாறலாம். கேபிளில் தொடங்கினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

எதை வாங்கினாலும் கடலிலிருந்து வந்த அன்றே, ஹப் ஆறியபின், ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு நிமிடமாவது நல்ல தண்ணீர் பாய்ச்சுங்கள். டிஸ்கின் உள்முகம், கேலிப்பரின் பின்புறம், பேடுக்கு நடுவே உள்ள சந்து எல்லாவற்றிலும் குழாய் படட்டும். கழுவி முடித்தபின் தெருவில் ஒரு சுற்று ஓட்டி நாலைந்து முறை பிரேக் போட்டு ஈரத்தைக் காயவிட்டு, பிறகு நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஈர பேடை டிஸ்கோடு அழுத்தி வைத்தால் இரண்டு வாரத்தில் இரண்டும் துருவால் ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஞாயிறு காலை வண்டியை எடுக்கும்போது பேடின் பாதி டிஸ்கிலேயே நின்றுவிடும்.